கண்ணாடித் தொட்டியும் காட்டோடையும்

தெஹிவளையில் குடியிருப்போருக்கு ஒரு தனிப்பேறு உண்டு. காலி வீதியின் இரைச்சல் தொடங்குமுன், பொழுது புலரும் வேளையில், சிங்கத்தின் முழக்கங் கேட்டுத் துயிலெழும் பேறு அது. ஊர் நடுவே மிருகக்காட்சிச்சாலை அமைந்திருப்பதனால் வாய்த்த பேறு. ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானியர் விலங்கு வாணிகத்தின் பொருட்டு இங்கே வைத்திருந்த விலங்குத் தொகுதியை 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் பொறுப்பேற்றுப் பொதுமக்களுக்குரிய காட்சிச்சாலையாக்கிற்று. அன்று தொட்டு எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு அதன் வாயிலைக் கடந்திருக்கின்றனர். அவர்களுள் நானும் ஒருவன்.

எனக்கு அப்போது ஏழு வயது. வெள்ளவத்தையிலிருந்து கால்வாய்ப் பாலத்தைக் கடந்து என்னை நடத்தியே அழைத்து வந்தார் என் தந்தையார். யானைகளின் ஆட்டத்தைக் கண்டேன். சிங்கத்தையும் புலியையும் கண்டேன். ஆயினும் என் நெஞ்சில் இன்றுவரை நிலைத்து நிற்பவை அவையல்ல. மீன் காட்சியகத்தின் இருண்ட நடைவழியிலே, ஒளியூட்டப்பட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றினுள், என் சுண்டுவிரல் நீளமேயுள்ள சிவந்த மீன்கள் சில திரிந்துகொண்டிருந்தன. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"தம்பி, இதுதான் கெண்டை இனம். புலவர்கள் பெண்களின் கண்ணுக்கு உவமை சொல்லும் மீன் இதுதான். ஓரிடத்தில் நிற்கிறதா, பார்!" என்றார் தந்தையார்.

அவர் அரசாங்க எழுதுவினைஞர். ஆயினும் தமிழிலே தோய்ந்தவர். கயலும் கெண்டையும் சேலும் வாளையும் அயிரையும் நம் பழைய நூல்களில் நீந்தும் அளவுக்கு வேறெந்த இலக்கியத்திலும் மீன்கள் நீந்துகின்றனவோ என்பது ஐயம். பாண்டியரின் கொடியிலும் காசிலும் மீன் இடம்பெற்றது. ஆனால் அந்த மீன்கள் எந்த நீரில் வாழ்கின்றன, எதை உண்கின்றன, அந்நீர் கலங்கினால் என்ன ஆகின்றன என்று நான் கேட்கவில்லை. தந்தையாரும் சொல்லவில்லை. உவமையோடு எங்கள் பாடம் முடிந்தது.

கொட்டகையில் ஒரு பருவம்

1974ஆம் ஆண்டு. பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம். வீட்டிலே பொருள் முட்டுப்பாடு. அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கொட்டகை ஒன்றில் எனக்குச் சில மாதங்களுக்குக் கூலிவேலை கிடைத்தது. வரிசை வரிசையாகச் சீமெந்துத் தொட்டிகள். இரவும் பகலும் நீருக்குள் காற்றை ஊதும் குழாய்கள். பிராணவாயு நிரப்பிய பொலித்தீன் பைகள். மாலையில் அப்பைகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டு விமான நிலையத்துக்குப் போகும்.

என் வேலை மீன்களைத் தரம் பிரிப்பது. இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டோடைகளிலிருந்து வலைபோட்டுப் பிடித்த மீன்கள் வாரத்துக்கு இருமுறை வரும். வந்த அன்று அவை வெளுத்திருக்கும். அச்சமுற்ற மனிதன் முகம் வெளுப்பதுபோல, அந்த மீனும் அச்சத்தால் நிறமிழக்கும். இரண்டு மூன்று நாள் இருட்டில் அமைதியாக வைத்திருந்தால் நிறம் திரும்பும். ஆண் மீனின் தலையும் முன்னுடலும் கருஞ்சிவப்பாகும். முதுகுத் துடுப்பு முழுவதும் கறுக்கும். பெண் மீனுக்கு அந்தச் சிவப்பு இல்லை. துடுப்பின் அடியில் மாத்திரம் கருமை இருக்கும். சிறு கைவலையால் சிவந்தவற்றை ஒரு தொட்டிக்கும் மற்றவற்றை வேறு தொட்டிக்கும் மாற்றவேண்டும்.

சிங்களத்தில் அதற்குப் 'புலத் ஹபயா' என்று பெயர். 'வெற்றிலை மெல்லுவோன்' என்பது பொருள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயைக் கண்ட கிராமத்தான் ஒருவன் இட்ட பெயராக இருக்கவேண்டும். எந்தப் புலவனுக்கும் குறைந்தவனல்லன் அவன்!

கொட்டகையின் மேற்பார்வையாளர் வயதில் மூத்த சிங்களவர், என்மீது அன்புடையவர். "பெண் மீன்களை என்ன செய்வது?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். "நிறமில்லாததை யார் வாங்குவார், மல்லி?" என்று சிரித்தார் அவர். நானும் சிரித்தேன். அவற்றுட் பல சில நாட்களில் இறந்தன. தென்னை மரத்தடியில் அவற்றைப் புதைத்ததும் இந்தக் கைகளே.

நிறமுள்ள ஆண் மீன்களைத் தேடித் தேடிப் பிடித்தமையும் இவ்வினத்தின் தொகை குன்றியதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் பின்னாளில் எழுதினர். அதனை வாசித்தபோது என் காதில் ஒலித்தது அந்தச் சிரிப்புத்தான். ஓர் ஓடையிலிருந்து அழகிய ஆண்களை மாத்திரம் ஆண்டுதோறும் அகற்றினால் எஞ்சுவது யாது? துணையற்ற பெண்களும் நிறங்குன்றிய சில ஆண்களுமே. அழகுக்குக் கொடுத்த விலை அந்த அழகின் வேரையே அறுத்தது. நான் எத்தனை மீன்களைப் பிரித்தேன்? கணக்கு வைக்கவில்லை. எந்த ஓடையிலிருந்து அவை வந்தன? கேட்கவில்லை. இவ்விரண்டு குறைகளுக்கும் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்று வாசகர் கொள்ளலாம்.

பெயர்கள் சொல்லும் கதை

பின்னர் நான் ஆசிரியனானேன். கொழும்பிலே தமிழ் கற்பித்தேன். மீன்களை நான் மறந்தாலும் மீன்கள் என்னை மறக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் அவற்றைப் பற்றிய நூல்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தன. அவற்றின் வழியாகவே பி. இ. பி. தெரணியகலை என்னும் அறிஞரை அறிந்தேன். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கியவர் அவர்.

நான் ஏழு வயதிற் கண்டு மயங்கிய அந்தச் சிவந்த சிறு மீனை 1929ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகஞ் செய்தவர் அவரே. சிங்களக் கிராமத்தார் அதனை 'லே தித்தயா' என்பர். 'லே' என்றால் குருதி. தெரணியகலை அம்மீனுக்கு இட்ட இலத்தீன் பெயரில் 'தித்தயா' என்னும் சொல்லை அப்படியே வைத்தார். அடுத்த ஆண்டில் பொன்னிறமான வேறொரு சிறு மீனை அவர் விவரித்தார். அதன் நிறம் ஹல் மரத்தின் பூவை ஒத்தது. ஹல் என்பது குங்கிலியக் குடும்பத்து மரம். கிராமத்தார் 'ஹல்மல் தண்டியா' என்று, அந்தப் பூவின் பெயராலேயே மீனை அழைத்தனர். தெரணியகலையும் அதே பொருள்பட இலத்தீன் பெயரிட்டார். 1937இல் அவர் விவரித்த 'மல்புலுத்தா' என்னும் மீனுக்கோ பேரினப் பெயரே சிங்களச் சொல்லாயிற்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு மீனுக்கு ஒரு பூவின் பெயரை இட்டவன் அந்த மரத்தையும் அந்த ஓடையையும் ஒருசேரக் கண்டவன். அவன் கண்ணில் மீன் தனியாக இல்லை. மரத்தின் கீழே இருந்தது. கண்ணாடித் தொட்டியில் மீனைக் கண்ட எனக்கு அந்த மரம் தெரியவில்லை. அறிவியற் பெயர்கள் வறண்டவை என்று நாம் ஒதுக்குகிறோம். அவற்றுள்ளும் நாட்டுப்புறத்தானின் கூர்ந்த கண் ஒளிந்திருக்கிறது.

1955இல் அயன் மன்றோ எழுதிய இலங்கை மீன்கள் பற்றிய பெருநூலும், 1991இல் ரொஹான் பெத்தியாகொட வெளியிட்ட நன்னீர் மீன் நூலும் இத்துறையில் மைல்கற்கள். அண்மைக் காலத்தில் ஹிரண்ய சுதசிங்க முதலானோர் மரபணு ஆய்வின் துணையுடன் மேலும் நுணுகிச் சென்றுள்ளனர். ஒரே இனமென்று கண்ணுக்குத் தோன்றுபவையும் ஆற்றுக்கு ஆறு வேறுபட்ட குலங்களாய்ப் பிரிந்திருத்தல் கூடும் என்பது அவ்வாய்வுகளால் தெளிவாகிறது. மலைமுகடு ஒன்று இரண்டு ஆறுகளைப் பிரிக்கிறது. பறவை அம்முகட்டைத் தாண்டும், மீன் தாண்டாது. பல்லாயிரம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தவை வேறு வேறாகின்றன. இலங்கையின் நன்னீர் மீனினங்களில் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்நாட்டுக்கே உரியனவாய் இருப்பதற்கு இதுவே அடிப்படை. அவற்றுட் பெரும்பாலானவை களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள தென்மேற்கு ஈரவலயத்திற் செறிந்திருக்கின்றன. அந்த வலயத்தின் நெஞ்சம் போன்றது சிங்கராஜ வனம்.

சிங்கராஜத்து ஓடையில்

2003ஆம் ஆண்டு. போர் ஓய்ந்திருந்த இடைக்காலம். வழியச்சமின்றிப் பிள்ளைகளை நெடுந்தூரம் அழைத்துச் செல்ல வாய்த்தது. உயர்தர வகுப்பு மாணவர் இருபதின்மருடன் இரத்தினபுரி, களவானை, வெத்தாகல வழியாகக் குடாவ நுழைவாயிலை அடைந்தோம். ஆண்டுக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் மில்லிமீற்றர் வரை மழை பொழியும் காடு அது. அட்டைகளுக்கு அஞ்சிக் காலிலே சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு நடந்தோம்.

வழிகாட்டியாக வந்தவர் அயற்கிராமத்து இளைஞர். நாங்கள் நடந்த பாதை அகலமாக இருந்தது. அதன் காரணத்தைக் கேட்டேன். "இது மரம் ஏற்றிய லொறிகள் போன பாதை, மாத்தையா" என்றார் அவர்.

அது ஒரு வரலாறு. ஒட்டுப்பலகைக்காக இக்காட்டின் மரங்களை இயந்திரங்கொண்டு வெட்டும் வேலை 1970களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. இயற்கை ஆர்வலரும் அறிஞரும் குரலெழுப்பினர், பத்திரிகைகள் எழுதின. 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1978இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988இல் 8,864 ஹெக்டேர் பரப்புடன் உலக மரபுரிமைத் தலமாகவும் சிங்கராஜம் ஏற்கப்பட்டது. நான் கொட்டகையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அதே 1974இல் இங்கே மரங்கள் வீழ்ந்துகொண்டிருந்தன என்பதை எண்ணியபோது, அந்தப் பாதையில் என் கால் சற்றுத் தயங்கியது.

பாதையை விட்டிறங்கி ஓர் ஓடைக்கரையை அடைந்தோம். 'நா' என்று சிங்களத்தில் வழங்கும் நாகமரமும் வானளாவிய ஹொர மரங்களும் மேலே கூரை வேய்ந்திருந்தன. நண்பகலிலும் அந்திப்பொழுதின் ஒளியே கீழே இறங்கிற்று. நீர் குளிர்ந்து, பளிங்குபோல் தெளிந்திருந்தது. அடியிலே மணலும் கூழாங்கல்லும் உதிர்ந்த இலைகளும் கிடந்தன. முதலில் மீன் ஒன்றும் தென்படவில்லை. "அசையாமல் இருங்கள்" என்றார் வழிகாட்டி. சிறிது நேரத்தில் இலைநிழலுக்குள்ளிருந்து ஒரு செம்மை வெளிப்பட்டது. பின் மற்றொன்று. வெற்றிலை மெல்லுவோன்!

இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வட்டமிட்டன. துடுப்புகளை விரித்தன. கொட்டகையில் நான் கண்டது அந்த நிறத்தின் நிழல் மாத்திரமே என்று அப்போதுதான் உணர்ந்தேன். இந்தப் பச்சை இருளிலே, இந்தத் தெளிநீரிலே அச்சிவப்புக்கு ஒரு பொருள் இருந்தது. பெண் மீன்கள் அருகே இருந்தன. அவற்றைக் கவர்வதற்கும், எதிரியை விலக்குவதற்குமே அந்நிறம். நான் பயனற்றவை என்று ஒதுக்கிய பெண் மீன்களுக்காகவே அந்த அழகு முழுவதும் ஏற்பட்டிருந்தது!

மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், இத்தனை வகை மீன்கள் இந்தச் சின்ன ஓடையில் சண்டையில்லாமல் எப்படி வாழ்கின்றன?"

நல்ல வினா. ஈரவலயக் காட்டோடைகளை ஆராய்ந்த ரணில் சேனாநாயக்கவும் அமெரிக்கரான பீற்றர் மொயிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவையே எடுத்துக்கொண்டது. ஓடை சிறிதாயினும் அதில் ஒவ்வோர் இனமும் தனக்கென ஓர் இடத்தையும் உணவையும் வகுத்துக்கொண்டிருக்கிறது. ஹல்மல் தண்டியா மேல்நீரில் நின்று, மரத்திலிருந்து விழும் பூச்சிகளை உண்ணும். வெற்றிலை மெல்லுவோன் கீழே பாசியையும் மக்கிய துகள்களையும் மேயும். கல்லொட்டி மீன் வேகமான நீரில் பாறையைப் பற்றிக்கொண்டு அதன்மேற் படிந்த பாசியைச் சுரண்டும். கரையோரத்து வேர்களுக்கிடையே சிறு விரால் ஒன்று மறைந்திருக்கும்; அதன் ஆண், முட்டைகளை வாயிலேயே ஏந்திக் காக்கும். ஒரே வீட்டில் ஒருவர் முற்றத்திலும் ஒருவர் திண்ணையிலும் ஒருவர் அடுக்களையிலுமாக இடர்ப்படாது வாழும் கூட்டுக்குடும்பம் போன்றது அது.

ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சோறிடுவது யார்? நிழல் மிகுந்த ஓடையில் நீர்த்தாவரம் அதிகம் வளராது. உதிரும் இலை, விழும் பூ, தவறி வீழும் எறும்பு, வண்டு ஆகியவையே அங்கு உணவின் ஊற்று. இலையை நீர்ப்பூஞ்சணம் மெதுவாக்கும். சிறு பூச்சிகள் அதனை உண்ணும். பூச்சிகளை மீன் உண்ணும். மரமே அந்த ஓடையின் வயல். மரத்தை வெட்டினால் உணவு போகும். வெயில் நேரே விழுந்து நீர் சூடேறும். வேர் பிடித்திருந்த மண் கரைந்து வந்து கூழாங்கல் இடுக்குகளை அடைக்கும். அங்கே ஒளிந்திருந்த முட்டைகள் மூச்சடைந்து அழியும்.

இத்தனையையும் அந்த இளைஞர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "நிழல் போனால் மீன் போகும், மாத்தையா."

எல்லைக்கோடு அறியாத நீர்

அப்படியாயின் சிங்கராஜம் காக்கப்பட்டுவிட்டது. மீன்களும் பிழைத்தன என்று நாம் மகிழலாமா? மகிழலாம், ஆனால் பாதியளவே.

காட்டுக்கு எல்லைக்கல் நடலாம். நீருக்கு நட இயலுமோ? வடபுறத்து ஓடைகள் களு கங்கைக்கும் தென்புறத்தவை ஜின் கங்கைக்கும் இறங்குகின்றன. காட்டின் விளிம்பைத் தாண்டியதும் தேயிலைச் சிறுதோட்டங்கள் தொடங்குகின்றன. அங்கே இடும் உரமும் பூச்சிமருந்தும் மழையோடு ஓடையிற் கலக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்தில் இரத்தினக்கல் அகழ்வதால் கலங்கிய சேறு வேறு. மீன்கள் மேட்டுக் காட்டோடு நின்றுவிடுவனவும் அல்ல. தாழ்நில ஓடைகளிலேயே அதிகமாக வாழும் இனங்களும் உண்டு. அவற்றுக்குக் காட்டின் காவல் எட்டுவதில்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடவில் ஒரு சிற்றோடை. 1991இல் பந்துல பெத்தியா என்னும் சிறு கெண்டை அங்கே புதிய இனமாக விவரிக்கப்பட்டது. இயற்கையாக அது வாழ்ந்தது அந்த ஓர் ஓடையில் மாத்திரமே. காப்புக்காட்டுக்குள் ஓடும் ஓடையுமன்று அது. வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊருக்குள் ஓடுவது. அந்த ஓடைக்கரையில் ஒருவர் தம் வயலுக்கு ஒருநாள் அளவு மீறி மருந்தடித்தால், உலகிலிருந்தே ஓர் இனம் மறைந்துபோகக்கூடும். அந்த மீனின் வாழ்வு அவ்வூர் உழவரின் கையில் இருக்கிறது. எனவே அவர்களைப் பகைத்து அதனைக் காத்தல் ஒருநாளும் இயலாது.

மற்றோர் இடர், ஓடைகளை மறித்தெழும் சிறு நீர்மின் அணைகள். மின்சாரம் வேண்டாம் என்பாரில்லை. ஆயினும் அணையிலிருந்து குழாய்க்குள் நீரைத் திருப்பினால், இடைப்பட்ட ஓடைப்படுகை கோடையில் வறளும். இலங்கையின் சுழியோடிகளுள் புகழ்பெற்ற ரொட்னி ஜொன்க்ளாஸ் என்பாரின் பெயரைத் தாங்கி, 1972இல் விவரிக்கப்பட்ட ஓர் உளுவை மீன் உண்டு. அதன் உதடு மைதீட்டியதுபோல் சிவந்திருக்கும். அதன் இனத்து மீன்கள் மேட்டோடையில் முட்டையிடும். பொரித்த குஞ்சு நீரோடு கடலுக்குப் போய், சிறிது வளர்ந்தபின் எதிரோட்டம் ஏறி மலைக்கு மீளும். நகத்தளவு உயிர் கடலுக்கும் மலைக்கும் இடையே நடத்தும் யாத்திரை அது! அந்த வழியில் ஓரிடத்தில் நீர் அற்றுப்போனாலும் யாத்திரை முறிந்துவிடும்.

மூன்றாவது இடர் வந்தேறி மீன்கள். நன்மை கருதி 1952இல் ஆபிரிக்காவின் திலாப்பியாவை நம் குளங்களில் விட்டோம். அது ஏழைக்கு உணவாயிற்று, அதனை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அழகுக்காக வாங்கி, வளர்ந்ததும் தொட்டி கொள்ளாமற் போக வாய்க்காலில் வீசிய மீன்களுக்கு என்ன நியாயஞ் சொல்வது? தெஹிவளைக்கு அருகேயுள்ள பெல்லன்வில - அத்திடிய சதுப்புநிலம் 1990இல் சரணாலயமாக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த கத்தி மீன் அங்கே குடியேறிப் பெருகிற்று. பிற மீன்களை இரையாக்கும் பெரிய மீன் அது. யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து, இரக்கத்தின் பெயரால் விடுதலை பெற்றுவந்த விருந்தாளி!

வளர்த்தால் போதாதா?

"லே தித்தயாவும் வெற்றிலை மெல்லுவோனும் இன்று உலகமெங்கும் பண்ணைகளில் பெருந்தொகையாக வளர்க்கப்படுகின்றனவே. அவை எப்படி அழியும்? ஏன் இந்தக் கவலை?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் ஆசிரியர், தர்க்கத்தில் வல்லவர்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. பண்ணையில் இனம்பெருக்கும் வழி தெரிந்ததனால், காட்டு ஓடையில் வலைவீசும் தேவை குறைந்தது. அது பெரும் நன்மை. 1937இல் இயற்றப்பட்ட விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை 1993இல் திருத்தியபோது நன்னீர் மீன்கள் சிலவும் காக்கப்படும் உயிர்களின் வரிசையிற் சேர்ந்தன. அதுவும் நன்மையே. ஓடைகள் அழிவதற்கு அஞ்சி, சில இனங்களை மகாவலியின் மேற்பகுதி ஓடைகளுக்குக் கொண்டுபோய் விட்ட முயற்சியும் நடந்தது. அவற்றுட் சில அங்கே நிலைபெற்றமையை எரிக் விக்கிரமநாயக்க 1990இல் எழுதினார். எனினும் புதிய இடத்தில் விட்ட மீன், அங்கே முன்பே வாழும் மீனுக்குத் தீங்காகாதோ என்னும் வினா அதனோடு சேர்ந்தே பிறக்கிறது.

நண்பருக்கு நான் சொன்ன விடை இது. அகராதியில் ஒரு சொல் இருப்பதனால் மாத்திரம் ஒரு மொழி வாழ்கிறதென்று நாம் கொள்வதில்லை. பேசுவோர் வாயிலே, வீட்டிலே, சந்தையிலே அது புழங்கவேண்டும். பண்ணை மீன் அகராதிச் சொல் போன்றது. மனிதன் தரும் உணவை உண்டு, எதிரியை அறியாமல், மனிதன் விரும்பும் நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது அது. ஓடையிலே வாழும் மீன், வெள்ளத்தையும் வறட்சியையும் விராலின் வாயையும் அறிந்தது. ஓர் ஆற்றின் குலத்துக்கும் மற்றோர் ஆற்றின் குலத்துக்கும் உள்ள வேறுபாடு பண்ணைத் தொட்டியிற் கலந்து கரைந்துவிடும். மேலும், மீனை மாத்திரம் காத்து ஓடையை இழந்தால் நாம் இழப்பது மீன் மட்டுமா? அந்த நீரையன்றோ களுத்துறையிலும் காலியிலும் மக்கள் குடிக்கின்றனர்!

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "ஆனால் நீரே அன்று அந்தக் கொட்டகையில் வேலை செய்தீரே" என்றார் பின்பு. அதற்கு என்னிடம் விடையில்லை. அந்தக் கூலியாலேதான் அவ்வாண்டு எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. ஓடையில் வலைவீசியவனின் வீட்டிலும் அப்படித்தான் எரிந்திருக்கும். ஆகவே வறியவனைக் குற்றவாளியாக்கி நிறுத்துவது காப்புப் பணியன்று. சிங்கராஜ எல்லையிலுள்ள கிராமத்து இளைஞர் வழிகாட்டிகளாகி, காட்டைக் காட்டிப் பிழைக்க வழி பிறந்ததே, அதுவே நிலையான காவல். காட்டால் வாழ்கிறவன் காட்டைக் காப்பான்.

பிள்ளையின் வினா

சென்ற மாதம் என் பேரனை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றேன். அவனுக்கும் ஏழு வயதே. மீன் காட்சியகத்துள் ஒரு தொட்டியின் முன்னே, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். நான் என் தந்தையாரைப் போலக் கெண்டையையும் கண்ணையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவன் இடைமறித்தான்.

"அம்மப்பா, இந்த மீன்கள் முதலில் எங்கே இருந்தன?"

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி! வீடு திரும்பும் வழியெல்லாம் அவனுக்குச் சிங்கராஜத்தைப் பற்றிச் சொன்னேன். ஹல் மரத்தின் பூவைப் பற்றிச் சொன்னேன். வெற்றிலை மெல்லும் மீனைப் பற்றிச் சொன்னேன். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் சற்று நின்றோம். கீழே நீர் கறுத்துக் கிடந்தது. "இதிலும் மீன் இருக்குமா?" என்றான். இருக்கும் என்றேன், எந்த மீன் என்று அவனே ஒருநாள் பார்த்து எழுதவேண்டும் என்றேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கயலும் கெண்டையும் வரும் செய்யுளைக் கற்பிக்கும் நாளில், உவமையோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். ஊரிலுள்ள குளத்துக்கோ வாய்க்காலுக்கோ ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நீர் தெளிந்திருக்கிறதா, கரையில் நிழல் இருக்கிறதா, உள்ளே என்ன நீந்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடையைக் கண்ட பிள்ளை அதைக் காக்காமல் விடமாட்டான். காணாத பிள்ளைக்கு நாம் எத்தனை சட்டம் சொன்னாலும், அது கண்ணாடிக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

பேரன் இப்போது ஒரு பயிற்சிக் கொப்பியில் 'மீன்' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கியிருக்கிறான். முதற்பக்கத்தில் ஒரு மரம் வரைந்திருக்கிறான். மீன் எங்கே என்று கேட்டேன். மரத்தின் கீழே வரப்போகிறதாம்.